சின்னக் கவிதைக்கு என்ன பதில் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். வாசிகசாலைச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பௌர்ணமி விடுமுறைக்கும், முதல்நாள் நான் அதில் ஒரு கவிதை எழுதிப் போடுவேன். மூன்று வரி, இரண்டு வரி, சிலவேளை ஒரே ஒரு சொல். போயா பின்னேரம் வருகிறவர்கள் அதைப் பற்றிக் கதைப்பார்கள், கதைக்கக் கூச்சப்படுகிறவர்கள் கீழே வெண்கட்டியால் எழுதுவார்கள், அதற்கும் கூச்சப்படுகிறவர்கள் துண்டில் எழுதிப் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிற எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. ஆகவே இது.

சின்னக் கவிதை என்றால் எத்தனை வரி?

வரிக்கணக்கு இல்லை. வீதியில் சைக்கிளில் போகிறவர் இறங்காமலே வாசித்து முடிக்க வேண்டும், அதுதான் எங்கள் அளவு. குறள் இரண்டு அடி, ஏழே சீர். ஔவையின் ஆத்திசூடி அதைவிடச் சின்னது, ஒரு வரியில் இரண்டு மூன்று சொல்தான். ஐங்குறுநூறு மூன்றடியிலிருந்து ஆறடி வரை, குறுந்தொகை நாலடியிலிருந்து எட்டடி வரை. எட்டடி எங்கள் பலகைக்குக் கொஞ்சம் கூடத்தான், அதனால் ஒருமுறை ஒரு பாட்டிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டிப் போட்டேன். அதன் கதை கீழே வருகிறது. சின்னக் கவிதை ஏதோ ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சாமான் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்கிறேன்.

‘அருமை’ என்று சொன்னால் ஏன் உங்களுக்குப் பிடிப்பதில்லை?

பிடிக்காமல் இல்லை, ஆனால் அதோடு கதை படுத்துவிடுகிறது. ‘அருமை’ என்றதும் மற்றவர்களும் ‘ஓமோம், அருமை’ என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

நான் எதிர்பார்க்கிற பதில் எப்படியிருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜப்பானியக் கவிஞர் மத்சுவோ பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதை உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். பழைய குளம், ஒரு தவளை குதிக்கிறது, தண்ணீரின் சத்தம், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதைப் பலகையில் போட்ட அன்று, வயது எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா, புத்தகப் பக்கமே போகாதவர், காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு போகமும் வயல் செய்தே காலம் போன மனிதர், கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: “தவளை சும்மா குதியாது தம்பி. ஆரோ கிட்டப் போயிருக்கினம். இல்லாட்டிப் பாம்பு.”

இருபது வருசமாக அந்தக் கவிதை எனக்குத் தெரியும். கரையில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அந்தக் காலடிச் சத்தம் கவிதையில் இல்லை, ஆனால் அவர் சொன்ன பிறகு அது எனக்குக் கேட்கிறது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் விடவில்லை: “பழைய குளமெண்டா தூர்ந்த குளமோ, தண்ணி நிக்கிற குளமோ?” பாதி ஊர்ப்பெயர்கள் குளத்தில் முடிகிற வன்னியில் இது பகிடிக் கேள்வி இல்லை. தூர்ந்த குளத்தில் தவளை விழுந்தால் கேட்கிற சத்தமே வேறு. அன்றைக்கு இருட்டும்வரை குளத்தைப் பற்றித்தான் கதை.

எனக்கு விளங்கவில்லை. அப்போது என்ன சொல்வது?

விளங்கவில்லை என்று சொல்லுங்கள். எந்தச் சொல்லில் வந்து நின்றுவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது, பெரும்பாலும் கவிதையின் கதவு அந்தச் சொல்லில்தான் இருக்கும், சிலவேளை அது என் எழுத்துப்பிழையாகவும் இருக்கும்.

மூன்று சொல்லை மூன்று வரியில் எழுதிவிட்டால் கவிதையா? நானும் எழுதுவேனே!

எழுதுங்கள், வெண்கட்டி இருக்கிறது. இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. அமெரிக்காவில் அரம் சரோயன் என்கிற கவிஞர் 1965இல் ஒரே ஒரு சொல்லில் ஒரு கவிதை எழுதினார். ஆங்கிலத்தில் வெளிச்சத்தைக் குறிக்கிற ‘லைட்’ என்ற சொல்லின் நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, ஜி, எச் என்று, அந்த இரண்டையும் அவர் இன்னொரு தடவை சேர்த்து எழுதினார். முடிந்தது கவிதை. அதற்கு அரசாங்கப் பணத்தில் சன்மானம் கிடைத்ததும், ஒரு சொல்லை, அதுவும் பிழையாக எழுதினவருக்கு மக்கள் வரிப்பணமா என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களே கொதித்தெழுந்தார்கள்.

நான் அதைப் பலகையில் போட்டு விளங்கப்படுத்தியபோது எங்கள் ரீச்சர் ஒருவருக்குக் கை தன்னையறியாமல் சிவப்புப் பேனையைத் தேடியது. ஆனால் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை, “சத்தம் வராத எழுத்தைக் கூட்டினா வெளிச்சம் கூடுது, சத்தம் கூடேல்லை” என்றாள். விளக்கின் திரியைத் தூண்டிவிடுவதுபோல என்றும் சொன்னாள். ரீச்சர் பேனையை மூடினார். எனக்கு அந்தக் கவிதை இன்னமும் அவ்வளவு பிடிக்காது, பிள்ளையின் பதில் பிடிக்கும்.

இன்னொன்று. இத்தாலியக் கவிஞர் ஜுசெப்பே உங்கரெத்தி முதலாம் உலகப்போரில் சிப்பாயாக இருந்தபோது, 1917 ஜனவரியில், இரண்டே வரியில் ஒரு கவிதை எழுதினார். ‘மிலூமினோ / திம்மென்சோ’. பேர் ‘காலை’. அளவில்லாததொன்று என்னை ஒளியூட்டுகிறது என்கிற மாதிரிப் பொருள், எந்த மொழிக்குக் கொண்டுவந்தாலும் ஏதோ ஒரு பக்கம் கழன்றுவிடுகிறது. அதை அந்த இத்தாலிய ஒலியிலேயே எழுதிப்போட்டு, போர்முனையில் நின்ற ஒருவர் எழுதியது என்று மட்டும் சொன்னேன். விடியக்காலை உயிரோடு எழும்பின ஆளுக்கு வெயில் எப்படித் தெரியும் என்று ஒருவர் தொடங்கினார், கொஞ்சம் கதை போனது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் கீழே யாரோ வெண்கட்டியால் எழுதியிருந்தார்கள்: ‘எங்களிட்டையும் ரெண்டு சொல் இருந்தது. மிதிவெடி கவனம்.’ யார் எழுதியது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்தச் சிவப்புப் பலகையைக் கண்டால் எந்தப் பக்கம் காலை வைப்பது என்று தெரியாமல் நின்றவர்கள்தான் இங்கே எல்லோரும். அந்த மாதம் நான் பலகையை அழிக்கவில்லை, மழைதான் அழித்தது.

கவிஞர் நினைத்தது ஒன்று, எனக்குத் தோன்றியது இன்னொன்று. பிழையா?

இதற்குத்தான் அந்தக் குறுந்தொகைத் துண்டு. நாற்பத்தோராம் பாட்டு. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவர் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கிற ஊர்போல மகிழ்ந்திருப்பேன், அவர் போய்விட்டால், காட்டுவழி ஓரத்துச் சின்ன ஊரில் சனம் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடுபோலப் பொலிவில்லாமல் கிடப்பேன். நான் பலகையில் போட்டது இவ்வளவுதான்:

மக்கள் போகிய
அணிலாடு முன்றில்

காதல் பாட்டு என்று நான் சொல்லவே இல்லை, வேண்டுமென்றேதான்.

அன்றைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 2009இல் வீட்டை விட்டுப் போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010இலும் அதற்குப் பிறகும் திரும்பி வந்தவர்கள். ஒரு அக்கா எடுத்தவுடனே சொன்னார்: “பொய். அணில் வராது. ஆள் இல்லாத வளவுக்குள்ள அணிலுக்கு என்ன வேலை? எங்கட முற்றத்தில உடும்பு நிண்டது.” அவருடைய வீட்டுக் கூரை போயிருந்தது, நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு நின்றது, கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்துத்தான் குசினி எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் போட்டாராம். சரி, பாட்டில் பிழை, உடும்பாடு முன்றில் என்று மாற்றுவோம் என்று ஒரு பொடியன் பகிடி விட்டான்.

அப்போது பின்னாலிருந்து இன்னொருவர், அதிகம் கதைக்காதவர், மெல்லச் சொன்னார்: “அணில் விளையாடுதெண்டா அங்க தென்னையோ கொய்யாவோ மிஞ்சியிருக்கு. குடுத்து வைச்ச வீடு.”

செல் விழுந்து தலை பறந்த தென்னைகள் எப்படி நின்றன என்று தெரியாதவர்களுக்கு இந்த வரி எவ்வளவு பாரம் என்று விளங்காமல் போகலாம். பாட்டில் அந்த முற்றம் வெறுமைக்கு உவமை. அவருக்கு அதுவே மிஞ்சியதற்கு அடையாளம். பாடினவர் இதை நினைத்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் அணில் எதைத் தின்று அங்கே இருக்கிறது என்று அவ்வளவு காலமும் நான் கேட்காமல் வாசித்திருக்கிறேனே!

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டைப் பாடியவரின் பெயர் நமக்குத் தெரியாது. தொகுத்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அணிலாடு முன்றிலார்’. இதற்கு முந்திய பாட்டுக்காரர் ‘செம்புலப் பெயனீரார்’, அவரும் அப்படித்தான், செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்ற உவமையால் பெயர் பெற்றவர். பாட்டை வாசித்த யாரோ தனக்கு ஒட்டிக்கொண்ட சொல்லையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், தமிழில் ஒரு வாசகர் சொன்ன மிகச் சின்ன, மிகச் சரியான பதில் அதுதான். அருமை என்று எழுதியிருந்தால் அருமையார் என்று நூறு பேர் இருந்திருப்பார்கள்.

ஹைக்கூ என்கிற ஜப்பானிய மூன்றுவரிக் கவிதைக்கு வரிக்கு வரி 5-7-5 என்று எண்ண வேண்டுமா?

எண்ண விருப்பமென்றால் எண்ணுங்கள், ஆனால் எதை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்து எண்ணுங்கள். ஜப்பானியர் எண்ணுவது நம்முடைய நேரசை நிரையசை இல்லை. அவர்களுடைய கணக்கில் நெடில் இரண்டு, சொல்லின் கடைசியில் வருகிற ‘ன்’ தனியாக ஒன்று. நம்முடைய மாத்திரைக் கணக்குக்குத்தான் அது கிட்ட வரும், நாங்கள் மெய்க்கு அரை மாத்திரை கொடுப்போம் என்பது வித்தியாசம். எழுத்தை எண்ணிப் பாட்டுக் கட்டுவது நமக்கும் புதிதில்லை. கட்டளைக் கலித்துறை என்கிற பாவினத்தில் ஒற்றை, அதாவது புள்ளி வைத்த எழுத்தை, நீக்கிவிட்டு ஒரு அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. ஹைக்கூவின் மொத்தமும் 17தான், தற்செயல், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். பாரதி 1916இலேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றி ‘சுதேசமித்திர’னில் எழுதினார், அவருக்கு அதில் பிடித்தது எண்ணிக்கையை விடச் சுருக்கம்.

என் கருத்தில் எண்ணிக்கையை விட முக்கியமானது பருவச்சொல். ஹைக்கூவில் ஏதாவதொரு சொல் இது எந்தக் காலம் என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அதில்தான் நான் மாட்டுப்பட்டேன். ஒருமுறை என்னுடைய சொந்தக் கவிதையை, பெயர் போடாமல், பலகையில் எழுதினேன்:

வாடைக்காற்று
உதிர்ந்து கிடக்கும் பாலைப்பழம்
பொறுக்கப் பிள்ளைகள் இல்லை

எனக்கு அது நல்ல சோகமாகப் பட்டது. முதலில் வந்தவர் தலையைச் சொறிந்தார். “வாடைக்க எங்கயடா பாலைப்பழம்?” அவ்வளவுதான், விழுந்தது கவிதை. பாலைப்பழம் வருவது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலத்தில். வாடை வீசுவது மாரியில், அப்போது பாலை மரத்தின் கீழே ஈர இலைதான் கிடக்கும். காட்டுக்குள் போய் அந்தப் பால் ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ளப் பழம் தின்று வளர்ந்த நான், ‘வாடை’ என்ற சொல்லின் அழகுக்காகக் காலத்தை மாற்றிவிட்டேன். யார் எழுதியது என்று கேட்டார்கள், இந்தியாவில் யாரோ என்று சொல்லித் தப்பினேன். இதை வாசிக்கிறவர்களுக்கு இப்போது உண்மை தெரியும்.

வடிவம் விசித்திரமாக இருந்தால் எதைப் பார்த்துப் பதில் சொல்வது?

அந்த வடிவம் எங்கே இறுக்குகிறது, எங்கே விடுகிறது என்று பாருங்கள். சின்கெய்ன் என்று ஒன்று, அடிலெய்ட் கிராப்சி என்கிற அமெரிக்கப் பெண் கவிஞர் உருவாக்கியது, அவர் 1914இல் முப்பத்தாறு வயதில் காசநோயால் இறந்தார். ஐந்து வரி, அசைக்கணக்கு 2, 4, 6, 8, பிறகு திடீரென்று மறுபடி 2. மூச்சு கூடிக்கூடி வந்து சட்டென்று அறுவதுபோல இருக்கும். எங்கள் பொடியன் ஒருவன் ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணித் தமிழில் ஒன்று செய்து பார்த்தான்:

மழை
தகரத்தில்
அம்மாவின் குரலை
நனைத்துவிட்டது போனில்
ஹலோ

எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். இதற்கு வந்த பதில்கள்தான் பகிடி. அம்மா சவூதியில் வேலைக்குப் போயிருக்கிறா என்றார் ஒருவர். இல்லை, அம்மா வவுனியாவில் ஆஸ்பத்திரியில், ‘நனைந்தது’ என்றால் அழுகிறா என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அம்மாவைக் கனடாவுக்கே அனுப்பிவிட்டார். பிறகு பொடியனைக் கேட்டால், அம்மா வீட்டில்தான், இவன்தான் வயல் கொட்டிலில் மாட்டுப்பட்டுக்கொண்டு சோறு கட்டி அனுப்பச்சொல்லிக் கத்தினானாம். கடைசி வரியில் இருக்கிற அந்த ஒற்றை ‘ஹலோ’ எல்லோரையும் ஒவ்வொரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. எட்டு எழுத்துக்குப் பிறகு இரண்டே எழுத்தில் விழுவதால்தான் அது நடந்தது, வடிவத்தைப் பார் என்று நான் சொல்வது இதைத்தான்.

லிமரைக்கூ ஈரோடு தமிழன்பன் தந்த வடிவம், லிமரிக் என்கிற ஆங்கில வேடிக்கைப் பாட்டையும் ஹைக்கூவையும் கலந்தது. முதல் வரியும் கடைசி வரியும் இயைபில் முடியும், நடுவரி நீளும், நையாண்டிக்குத் தோதானது. எங்கள் ஊரில் எழுதினால் ஆனை வராமல் இருக்காது:

ஆனைவேலி போட்டாச்சு
பற்றரி செத்த இரவில் ஆனை வந்து முதுகு சொறிந்து
தென்னையும் கேட்டாச்சு

இதற்கு எழுத்தில் பதில் ஒன்றும் வரவில்லை. எத்தனை தென்னை போனது என்ற கணக்குத்தான் வந்தது.

மாலைமாற்று முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றாக வாசிக்கிற பாட்டு. ‘யாமாமாநீ யாமாமா’ என்று தொடங்கும் சம்பந்தர் பதிகம் பதினொரு பாட்டும் அப்படியே. பொருள் காண உரை வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு உரை தேவைப்படவில்லை, சாவி கிடைத்துவிட்டது, உடனே தாங்களே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ‘மாடு ஓடுமா’ என்று ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியதைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். ‘மேளதாளமே’ என்று அதற்குப் பதில் எழுதினது இன்னொன்று.

லண்டை என்பது ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பஷ்தோ மொழிப் பெண்களின் ஈரடிப் பாட்டு. முதலடியில் 9 அசை, அடுத்ததில் 13. சொல்லுக்குப் பொருள் சின்ன நச்சுப்பாம்பு என்று சொல்வார்கள். காதல், பிரிவு, போர், புருசன் மேல் கோபம் எல்லாம் வரும், பெரும்பாலும் யார் கட்டியது என்று பெயர் இருக்காது. பெயர் இல்லாததால்தான் அவ்வளவும் வரும். இதைப் பற்றிச் சொன்ன போயாவுக்குப் பிறகு பிஸ்கட் ரின்னில் பெண்கள் கையெழுத்துத் துண்டுகள் கூடிவிட்டன. அவற்றை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை.

பதிலையும் கவிதையாகவே எழுதலாமா?

எழுதலாம், அதுதான் பழைய வழக்கமே. இப்போது ஹைக்கூ என்று தனியாக நிற்கிற மூன்று வரி முதலில் தனியாக நின்றதில்லை. ரெங்கா என்று ஜப்பானியர் கூடியிருந்து கட்டுகிற தொடர்கவிதையில் ஒருவர் 5-7-5இல் தொடங்குவார், அடுத்தவர் 7-7இல் பதில் போடுவார், அதற்கு மற்றவர் மறுபடி 5-7-5. இப்படி நூறு கண்ணி வரை போகும், பாஷோவின் காலத்தில் 36 கண்ணி பிரபலம். அந்த முதல் கண்ணியைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மசவோகா ஷிக்கி தனியாகப் பிரித்து ஹைக்கூ என்று பேர் வைத்தார். ஆகவே ஹைக்கூவை வாசித்ததும் ஏதோ முடியாததுபோல, நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும்போலத் தோன்றினால், தோன்றுவது நியாயம். அதற்குப் பின்னால் ஒரு இருக்கை இன்னமும் வெறுமையாகக் கிடக்கிறது.

நம்மிடமும் உண்டு. திருவள்ளுவமாலை முழுக்கக் குறளை வாசித்தவர்களின் பதில்கள்தான், 55 பாட்டு. கடைசி இரண்டும் குறள் அளவிலேயே ஈரடி. இடைக்காடர் பெயரில் வருவது ‘கடுகைத் துளைத்தேழ் கடலைப் புகட்டிக் குறுகத் தறித்த குறள்’. அடுத்ததாக ஔவை பெயரில் வருவதும் அதே அடிகள், ஒரே ஒரு மாற்றம், கடுகு இருந்த இடத்தில் அணு. கடுகு உனக்குச் சின்னதாகப் படுகிறதா, இன்னும் கிட்ட வந்து பார் என்று சொல்வதுபோல. ஒரு சொல்லை மாற்றிப் பதில் சொல்லலாம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. பொடியன் சொன்ன ‘உடும்பாடு முன்றில்’ பகிடியாக வந்ததுதான், ஆனால் அதே வகை.

நொடி என்கிற விடுகதையும் அப்படித்தானே. ‘ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்த மண்டபம்’ என்று ஒருவர் நொடி போட்டால், ‘தேன்கூடு’ என்று இன்னொருவர் சொல்லும்வரை அது பாதிதான். தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிற ஒரு அண்ணை மட்டும், “கண்பட்டு உடையாது, புகை பட்டுத்தான்” என்று திருத்தினார்.

குறை சொல்லலாமா?

பாலைப்பழக் கதையை வாசித்தீர்கள்தானே. பொருளில் பிழை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ‘இந்தச் சொல் வேண்டாம்’ என்று சொல்கிறவர் அதை எடுத்துவிட்டு மிச்சத்தை உரத்து வாசித்துக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் சட்டம். பாதிப்பேர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மனதை மாற்றிவிடுவார்கள்.

எந்தக் கவிதையைப் போட்டாலும் யுத்தத்தில் வந்துதான் முடியுமா?

வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், சிலர் முடிய வேண்டும் என்று எதிர்பார்த்தும் வருகிறார்கள். கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடு நிறைந்து வழிவதைப் பற்றி ஒருமுறை இதைப் போட்டேன்:

இரணைமடு வான் பாயுது
பாலத்தில் நின்று பார்க்கிறான்
வயல் இல்லாதவன்

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, நன்றாக வாசிக்கிறவர், இழப்பு, நிலம் பறிபோன துயரம், தண்ணீர் கண்ணீர் என்று பத்து நிமிடம் கதைத்தார். பிழையென்று சொல்ல மாட்டேன், அப்படியும் வாசிக்கலாம். எங்கள் ஆட்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒருவர், “அவன் மீன் பிடிக்கப் போனவன்” என்றார். வான் பாய்ந்தால் கீழே மீன் துள்ளும், வயல் இருக்கிறவன் வரம்பு உடையுமோ என்று ஏங்கிக்கொண்டு ஓடுவான், வயல் இல்லாதவன்தான் பாலத்தில் ஆறுதலாகத் தூண்டிலோடு நிற்பான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகளைத் திறந்துவிட்டபோது இரண்டு மாதிரியான ஆட்களையும் பார்த்தவர்கள் சொல்கிற கதை இது. அந்தத் தம்பி பாவம், சிரித்துவிட்டார். நானும் எழுதும்போது மீனை நினைக்கவில்லை, அதைச் சொல்லவில்லை.

வந்து முடிகிறபோது முடியட்டும். யாராவது கவிதையை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனால் பின்னால் போய் ஏன் என்று கேட்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

வரலாம். பலகையின் கீழ்ப்பாதி அவர்களுக்குத்தான், மேல்பாதிக்குக் கை எட்டாது.

போயாவுக்கு வர முடியாது. எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம். கொப்பித்தாளில் எழுதிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் ரின்னுக்குள் போட்டுவிடும். பெயர் வேண்டாம், ஆனால் எது கவிதை, எது பதில் என்று மேலே ஒரு சொல் போட்டு விடுங்கள். போன போகத்தில் ரின்னுக்குள் ஒரு துண்டு இருந்தது:

யூரியா 2
மருந்து 1
மிச்சம் போகத்துக்குப் பிறகு

நான் அதைப் பலகையில் எழுதினேன். நாலு பேர் கூடி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். ‘மிச்சம்’ என்ற சொல்லைப் பற்றியே அரை மணித்தியாலம் போனது. கடன் மிச்சமா, வாழ்க்கை மிச்சமா, போகம் என்றால் விளைச்சல் மட்டும்தானா என்று. அந்தத் தவளை ஐயாகூட இதைத்தான் இதுவரை போட்டதில் நல்லது என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு அண்ணை சைக்கிளில் வந்து இறங்கி, மகள் கொப்பிக்குள் வைத்திருந்த தன்னுடைய துண்டு ஒன்று மாறி இங்கே வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கேட்டார். உரக்கடைக்காரருக்குக் காட்ட வேண்டுமாம்.